வீட்டுப் பெரியவருக்குக் கோவிட்: எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?



கோவிட் போய்விட்டது என்று பலர் நினைக்கிறீர்கள். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, தோட்டத்து கேட்டை மூடி, சொந்தக்காரனைக்கூட உள்ளே விடாமல் இருந்த காலம் போய்விட்டது, உண்மைதான். 2023 மே 5-ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனமும் அவசரநிலை முடிந்தது என்று சொல்லிவிட்டது. ஆனால் கிருமி எங்கும் போகவில்லை. இளவட்டத்துக்கு அது மூன்று நாள் சளிக்காய்ச்சல். பனடோல் போட்டுக்கொண்டு மறுவாரம் பெரட்டுக்கு வந்துவிடுகிறான். அதே கிருமி வீட்டில் படுத்திருக்கும் தாத்தாவைத் தொட்டால் கதை வேறு.

"ரெண்டு பேருக்கும் ஒரே நோய்தானே டிரெஸ்ஸர், ஒரே வார்டுலதானே கெடந்தாங்க. ஒருத்தர் நடந்து வந்துட்டாரு, ஒருத்தர் வரலையே, ஏன்?" இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத குடும்பம் கிடையாது. 'தலையெழுத்து' என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் இதற்கு மருத்துவத்தில் தெளிவான பதில் இருக்கிறது. அது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

2020-இல் பிரிட்டன் டாக்டர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 35,000-க்கும் மேற்பட்ட கோவிட் நோயாளிகளின் விவரங்களை எடுத்து, யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று பார்த்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட விஷயங்களைப் போட்டு அலசி, கடைசியில் எட்டே எட்டை வைத்துக்கொண்டார்கள். வயது, ஆணா பெண்ணா, வேறு எத்தனை நோய், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, இரத்தத்தில் பிராணவாயு அளவு, புத்தித் தெளிவு, இரத்தத்தில் யூரியா, சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதம். ஒவ்வொன்றுக்கும் மார்க். மொத்தம் 21. மார்க் கூடினால் ஆபத்து கூடும். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்!

இந்த எட்டில் கடைசி இரண்டுக்குத்தான் இரத்தம் எடுக்க வேண்டும். பிராணவாயுவுக்கு விரலில் மாட்டும் சின்னக் கருவி போதும். மற்ற ஐந்தையும் வீட்டில் இருக்கிற நீங்களே பார்த்துச் சொல்லலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வயது. ஐம்பது வயதுக்குக் கீழே இருந்தால் மார்க் இல்லை. 60 முதல் 69 வரை 4, எழுபதுகளில் 6, எண்பதைத் தாண்டினால் 7. வேறு எந்த ஒன்றுக்கும் இவ்வளவு மார்க் இல்லை. இங்கிலாந்தில் 1 கோடி 70 லட்சம் பேருடைய பதிவுகளைப் பார்த்த இன்னொரு ஆய்வில், ஐம்பதுகளில் உள்ளவர்களைவிட எண்பது தாண்டியவர்கள் கோவிட்டால் இறக்கும் வாய்ப்பு இருபது மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. வயதானால் தோல் சுருங்குகிறது, முடி நரைக்கிறது, அது கண்ணுக்குத் தெரிகிறது. உடம்பின் காவல்படையும் அதே போல் தளர்கிறது, அது தெரிவதில்லை. கிருமி நுழைந்ததும் எழுந்து நிற்க நேரமாகிறது. எழுந்த பிறகோ அடக்கம் இல்லாமல் சொந்த நுரையீரலையே தாக்குகிறது.

ஆணுக்கு ஒரு மார்க் கூடுதல். இதில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது ஏற்கெனவே உள்ள நோய்கள். ஒன்று இருந்தால் 1, இரண்டும் அதற்கு மேலும் இருந்தால் 2. இனிப்பு நீர், இருதய நோய், சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய், ஈரல் நோய், ஞாபக மறதி நோய், புற்றுநோய், அளவு மீறிய பருமன் எல்லாம் கணக்கில் வரும். இரத்தக் கொதிப்பைத் தனியாகச் சேர்க்கவில்லை. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். மாத்திரை சாப்பிடாமல் விட்ட கொதிப்பு இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டுத்தான் நிற்கும், அவை இரண்டும் கணக்கில் உண்டு. மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடம்தான் அதிகம். அவர்களில் பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. கோவிட் வந்து ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்க்கும்போதுதான் முதல் தடவையாகத் தெரிய வருகிறது என்றால், எத்தனை வருடம் வீணாகப் போயிருக்கிறது!

இப்போது மூச்சு. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறீர்கள். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சூடு இல்ல, பரவால்ல" என்று போய்விடுகிறீர்கள். பெரியவர் சும்மா படுத்திருக்கும்போது, அவருக்குத் தெரியாமல், கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார். இருபதுக்குக் கீழே இருந்தால் நல்லது. 20 முதல் 29 வரை 1 மார்க், முப்பதைத் தொட்டால் 2. முப்பது என்றால் ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

பிராணவாயு 92-க்குக் கீழே போனால் 2 மார்க். கோவிட்டில் ஒரு வஞ்சகம் உண்டு. பிராணவாயு இறங்கிக்கொண்டே இருக்கும், ஆள் சாதாரணமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார், மூச்சு முட்டுகிறது என்றே சொல்ல மாட்டார். அதனால் கருவி அவசியம். லயத்துக்கு ஒன்று பொதுவில் வாங்கி வைத்தாலும் போதும். விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள், நகச்சாயம் இருந்தால் துடைத்துவிடுங்கள். 95-க்குக் கீழே காட்டினால் அன்றே கிளினிக். 92-க்குக் கீழே என்றால் 999-க்கு அடியுங்கள். இன்னொரு சங்கதி: கருந்தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கறுப்பின நோயாளிகளிடம் இந்தத் தவறு வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. நம் தோலும் கறுப்புத்தானே! ஆகவே 95, 96 என்று காட்டினாலும் ஆள் வாடிக் கிடந்தால் எண்ணை நம்பாதீர்கள், ஆளை நம்புங்கள்.

புத்தித் தெளிவு குறைந்தால் 2 மார்க். "நேத்து ராத்திரியிலேர்ந்து தாத்தா என்னமோ உளர்றாரு, செத்துப்போன அண்ணனைக் கூப்பிடுறாரு" என்பார்கள். சிலர் பேய், காத்து, கருப்பு என்று பூசாரியைத் தேடிப் போய்விடுகிறார்கள். சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை, ஆனால் முதலில் வண்டியை எடுங்கள். அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்குக் கோவிட்டோடு வந்த 817 முதியவர்களில் 28 விழுக்காட்டினருக்கு இந்தக் குழப்பம் இருந்தது. அப்படிக் குழம்பியவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் காய்ச்சல், மூச்சுத்திணறல் போன்ற வழக்கமான அடையாளம் எதுவுமே இல்லை. காய்ச்சல் வராத கோவிட் பெரியவர்களிடம் உண்டு. திடீர் உளறல், திடீர்த் தூக்கம், காரணமில்லாமல் கீழே விழுவது, சாப்பாட்டைத் தள்ளிவிடுவது, இதெல்லாம் அவர்களுக்குக் காய்ச்சலுக்குச் சமம்.

யூரியாவுக்கு 3 மார்க் வரை போகும். சிறுநீரகம் தளர்ந்தாலும் ஏறும், உடம்பில் தண்ணீர் வற்றினாலும் ஏறும். இரவில் எழுந்து கக்கூஸ் போகப் பயந்து, தண்ணீரே குடிக்காமல் கிடக்கும் பாட்டிமார்கள் எத்தனை பேர்! பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இருதயமோ சிறுநீரகமோ கெட்டு, டாக்டர் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவோடு நிறுத்துங்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 72 வயது ஆண், இனிப்பு நீரும் இருதய நோயும் உண்டு. 6, 1, 2, ஆக 9. வார்டுக்கு வரும்போது மூச்சு 24, பிராணவாயு 90, பேச்சில் குழப்பம். இன்னும் 5. இரத்தம் எடுக்கும் முன்பே 14. அந்த ஆய்வில் 9 முதல் 14 மார்க் வாங்கியவர்களில் நூற்றுக்கு 31 பேர் இறந்தார்கள். 15-உம் அதற்கு மேலும் வாங்கியவர்களில் 61 பேருக்கு மேல். 3-க்குள் இருந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர். இவையெல்லாம் தடுப்பூசி வருவதற்கு முந்திய கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 2021 பிப்ரவரி 24-இல் ஊசி தொடங்கியது. போட்டுக்கொண்ட முதியவர்களுக்குச் சாவு ஆபத்து வெகுவாகக் குறைந்தது. பழைய ஊசியின் பலம் மாதக்கணக்கில் தேய்ந்துகொண்டே வரும், அதனால் அடுத்த ஊசி எப்போது என்று கிளினிக்கில் கேட்டு வையுங்கள்.

இந்த எட்டில் வராத ஒன்றும் உண்டு, நலிவு. எழுபத்தைந்து வயதிலும் கோழிக்குத் தீனி போட்டு, கீரைப் பாத்தி கொத்தி, கடைக்கு நடந்து போகிறவர் ஒருவர். அறுபத்தெட்டிலேயே குளிக்கவும் உடுத்தவும் ஆள் வேண்டும் என்பவர் ஒருவர். ஆபத்து இரண்டாமவருக்கு அதிகம் இருக்கலாம். ஆகவே ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டாக்டரிடம் வயதை மட்டும் சொல்லாதீர்கள். போன மாதம் வரை தனியாக நடந்தாரா, தானே சாப்பிட்டாரா என்பதையும் சொல்லுங்கள்.

முட்டி வலிக்குப் பாசார் மாலாமில் வாங்கும் பொடி, உருண்டை விஷயம் ஒன்று. அப்படிப்பட்ட ஜாமு சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்திருக்கிறது. 2020 ஜூனில், இதே மருந்து செயற்கை மூச்சில் இருந்த கோவிட் நோயாளிகளின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று செய்தி வந்ததும், "நம்ம உருண்டைல அதானே இருக்கு" என்று சிலர் சிரித்தார்கள். பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு அந்த மருந்தால் ஒரு பலனும் கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், எதிர்ப்புச் சக்தி படுக்கும். தின்றுகொண்டிருப்பவர் சட்டென்று நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. வெட்கப்படாமல் பொட்டலத்தோடு கிளினிக்குக்கு வாருங்கள்.

கோவிட் என்று தெரிந்தால் முதல் ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டிய மாத்திரை இருக்கிறது, பாக்ஸ்லோவிட் என்று பெயர். ஆறாம் நாள் வந்து கேட்டால் காலம் கடந்துவிடும். சிம்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையோடு அதைச் சேர்க்கக் கூடாது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவு குறைய வேண்டும். ஆகவே பெரியவர் சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு, கிளினிக் புத்தகத்தோடு கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். நோய் முற்றுவது பெரும்பாலும் முதல் நாளில் அல்ல, ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று எல்லாரும் வேலைக்குப் போய்விடும் நாட்கள் அவை. அந்த நாட்களில் காலையிலும் மாலையிலும் மூச்சை எண்ணி, பிராணவாயுவைப் பார்த்து, ஒரு தாளில் தேதியோடு குறித்து வையுங்கள். ராத்திரி ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அந்தத் தாளும் பையோடு போகட்டும்.