வாழ்வின் பொருள்: திருவொற்றியூர் தரும் மூன்று விடைகள் (முக்கியக் குறிப்புகள்)

அடிப்படை
- உறுதிப்பொருள்கள் 4: அறம், பொருள், இன்பம், வீடு. முதல் மூன்றும் திருக்குறளின் முப்பால்.
- அமைவிடம்: இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே, வடசென்னைக் கடற்கரை.
- கோயில்: தியாகராசர் – வடிவுடையம்மன். தேவார மூவராலும் பாடப்பெற்ற தலம்.

1. கலிய நாயனார் – உழைப்பு
- 63 நாயன்மாருள் ஒருவர். ஊர் திருவொற்றியூர், சக்கரப்பாடித் தெரு. எண்ணெய் வணிகர்.
- வரலாறு கூறும் நூல்: சேக்கிழாரின் பெரியபுராணம் (12ஆம் திருமுறை).
- தொண்டு: கோயில் முழுவதும் விளக்கேற்றுதல்.
- செல்வம் போனபின் பிறர் செக்கில் கூலிக்கு உழைத்தார். அந்தக் கூலியில் விளக்கு எரிந்தது. கூலி வேலையும் கிடைக்காதபோது தம் உதிரத்தையே எண்ணெயாக வார்க்கத் துணிந்தார். இறைவன் கைபிடித்துத் தடுத்தார் என்பது புராணம்.
- கருத்து: வருமானம் குறையலாம், எடுத்த பணி குறையக் கூடாது. ஷிஃப்டு வேலையில் குடும்பத்தைத் தாங்கும் இன்றைய வடசென்னைத் தொழிலாளிக்கு மிக நெருங்கிய நாயனார் இவரே.

2. பட்டினத்தார் – நிலையாமை
- காவிரிப்பூம்பட்டினத்துக் கடல் வணிகர், இயற்பெயர் திருவெண்காடர். சீடர்: பத்திரகிரியார்.
- துறவுக்குக் காரணம்: காதற்ற ஊசி கூட இறுதிப் பயணத்தில் உடன்வராது என உணர்த்திய ஓலை.
- துறந்ததும் அவர் கருவூலம் ஊராருக்குத் திறந்துவிடப்பட்டது. திறந்தவர் கணக்கர் சேந்தனார் என்பது மரபு.
- சமாதி: திருவொற்றியூர்க் கடற்கரை.
- 11ஆம் திருமுறையில் பட்டினத்துப் பிள்ளையார் நூல்கள் 5. அவற்றுள் ஒன்று திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது. பிற்காலப் பாடல்களைப் பாடியவர் வேறொரு பட்டினத்தார் என்பர் ஆய்வாளர்.

3. வள்ளலார் – பசி தீர்த்தல்
- பிறப்பு: 05.10.1823, மருதூர். சென்னையில் ஏழுகிணறு பகுதியில் வாழ்ந்தவர். அங்கிருந்து ஒற்றியூருக்கு நடந்தே வந்து வழிபட்டார். இத்தலத்து அம்மன் மீது பாடியது: வடிவுடை மாணிக்க மாலை.
- ஓர் இரவு ஒற்றியூரிலிருந்து தாமதமாகத் திரும்பி, கதவைத் தட்ட மனமின்றிப் பசியோடு திண்ணையில் படுத்தார். அண்ணியார் உருவில் அம்மனே வந்து சோறிட்டாள் என்பர்.
- சத்திய தருமசாலை: 23.05.1867, வடலூர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.
- சத்திய ஞானசபை: 1872.
- அக்டோபர் 5: தனிப்பெருங்கருணை நாள் (தமிழ்நாடு அரசு, 2021).

உலகச் சிந்தனை – ஒப்பீடு
- விக்டர் ஃபிராங்கல்: வியன்னா மனநல மருத்துவர், நாஜி வதைமுகாமில் உயிர் பிழைத்தவர். 1946இல் வெளிவந்த அவர் நூல் வதைமுகாம் அனுபவத்தைக் கூறுவது.
- வாழ்வுக்குப் பொருள் தருவன என அவர் கூறிய மூன்று: செய்யும் பணி (ஒப்பிடுக: கலியர்), கொள்ளும் அன்பு (வள்ளலார்), தவிர்க்க முடியாத துன்பத்தை ஏற்று நிற்கும் விதம் (நிலையாமையை ஏற்ற பட்டினத்தார்).

கட்டுரை வினாவுக்கு
- பட்டினத்தாரை ‘வாழ்வே வீண்’ என்றவராகச் சுருக்கி எழுதாதீர்கள். உடன் எதுவும் வராது என்று தெளிந்ததால்தான் கருவூலம் திறந்தது.
- மூவருக்கும் பொது: கொடுத்தல். கலியர் உழைப்பையும், பட்டினத்தார் செல்வத்தையும், வள்ளலார் சோற்றையும் கொடுத்தனர்.
- முடிவுரைக் கருத்து: நிலையாமை காரணம், ஈகை விளைவு. வாழ்வின் பொருள் எங்கோ மறைந்து கிடப்பதன்று. கையில் இருப்பதைப் பிறருக்குக் கொடுக்கும்போது உண்டாவது. தேர்வு எழுதி அரசுப் பணிக்குப் போகிறவர் மனுவோடு வரும் முதல் மனிதரிடமே இதைத் தொடங்கலாம்.