வணக்கம் சொல்லியும் உறவாகாத அயலார்

மரியன்னை எலிசபெத்தம்மாளின் வீட்டுக்குச் சென்று வாழ்த்துரைத்ததை நாம் அறிவோம். வாழ்த்தோடு அவர்கள் திரும்பிவிடவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் உடன் தங்கினார்கள். எங்கள் கணினிக் கூடத்திலும் இரண்டு அயலார் உண்டு. 10 வினாடிக்கு ஒருமுறை வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். அதற்குமேல் உறவாடவே இல்லை.

ஒருவர் மேசைமேல் இருக்கும் ஸ்விட்ச். பாதை காட்டும் வேலையும் அதற்குத் தெரியும். மற்றவர் சர்வருக்குள் மென்பொருளாக வாழும் ரவுட்டர். கையால் தொட முடியாத ஒரு மெய்நிகர் ஸ்விட்ச் வழியாகத்தான் அது வெளியே வரும். இருவரும் ஓ.எஸ்.பி.எஃப். என்னும் நெறிமுறைப்படி பேசுகிறார்கள். அதாவது, தமக்குத் தெரிந்த பாதைகளை ஒருவருக்கொருவர் சொல்லி, ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு, டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்குமுறையால் குறுகிய வழியைக் காண்பார்கள்.

வணக்கமே வந்து சேராவிட்டால் வி-லான் எண்ணையும், இருபக்க நேர அளவுகளையும் பார்க்க வேண்டும். வழக்கமாக வணக்கத்துக்கு 10 வினாடி, காத்திருக்க 40 வினாடி. எங்களுக்கு அவை சரியாகவே இருந்தன. ஆனால் திரையில் 'எக்ஸ்டார்ட்' என்ற நிலை மாறவே இல்லை. வயரை இரண்டுமுறை மாற்றினோம். பாவம், வயர்மேல் குற்றமில்லை!

வணக்கத்துக்குப் பின் இருவரும் பாதைப் பட்டியல் அனுப்பத் தொடங்குவர். அப்போது, "என் வாசலில் இத்தனை பைட் வரை நுழையும்" என்ற எண்ணையும் எழுதுவர். இதற்கு எம்.டி.யு. என்று பெயர். மென்பொருள் ரவுட்டர் 9000 என்றது. மேசை ஸ்விட்சுக்கோ 1500தான். தன்னால் ஏற்க முடியாத எண்ணைக் கண்டதும் ஸ்விட்ச் அந்தப் பட்டியலைத் தள்ளிவிட்டது.

அந்த எண்ணைப் பார்க்காதே என்று சொல்லவும் ஒரு கட்டளை இருக்கிறது. நாங்கள் அதையே கொடுத்தோம். உடனே 'ஃபுல்' என்று வந்தது, கைதட்டினோம். பிறகு கண்காட்சிக்காக மென்பொருள் ரவுட்டரில் 100 மாதிரிப் பாதைகளைச் சேர்த்து வைத்தோம். பெற்றோர் வந்த அன்று காலை கருவிகளை அணைத்துப் போட்டதும் உறவு மீண்டும் நின்றுவிட்டது. பட்டியலில் ஒரு பாதைக்கு 20 பைட். 100 பாதைக்கு 2000. அது 1500 வாசலில் எப்படி நுழையும்? கட்டளை நோயை ஆற்றவில்லை, மறைத்தே வைத்திருந்தது.

"சின்ன வணக்கம் போகிறது, சரி. பெரிய பெட்டி போகிறதா என்று பார்த்தீர்களா, பிள்ளைகளே?" என்றார்கள் சிஸ்டர். துண்டாக்கக் கூடாது என்ற குறிப்போடு பிங் அனுப்பினோம். 1472 பைட் போய்த் திரும்பியது. (தலைப்புகளுக்கு 28 சேர்த்தால் 1500.) 8972 திரும்பவே இல்லை.

ஐ.எஸ்.-ஐ.எஸ். என்ற இன்னொரு நெறிமுறை வணக்கத்தையே முழு அளவுக்கு நிரப்பி அனுப்பும். பிழை வாசலிலேயே தெரிந்துவிடும். எங்களுக்கு அந்த முறைதான் பிடித்திருக்கிறது.

அந்தக் கட்டளையை நீக்கினோம். ரவுட்டர், மெய்நிகர் ஸ்விட்ச், மேசை ஸ்விட்ச் மூன்றிலும் 1500 என்று வைத்தோம். முதல் பெற்றோர் கூடத்துக்குள் நுழைந்தபோது 100 பாதைகளும் திரையில் இருந்தன.