சத்தம் வேற, சக்தி வேற!

(அறிவியல் பக்கம்)



போன மாசம் எங்க அண்ணன் பைக்கோட கம்பெனி சைலன்சரைக் கழட்டிட்டு, வெளிக்கடையில வாங்கின ஒண்ணை மாட்டினான். அன்று ராத்திரியே பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூக்கத்தில் அலறி எழுந்தது. "தம்பி, தெருமுனையிலேயே வண்டிய ஆஃப் பண்ணிட்டுத் தள்ளிட்டு வாப்பா" என்று அந்த அக்கா வந்து கெஞ்சினார். மறுநாள் அப்பா எங்கள் இருவரையும் மெக்கானிக்கிடம் அனுப்பினார். அங்கே பார்த்ததை, பாடத்தில் படித்ததோடு சேர்த்து எழுதுகிறேன்.

சத்தம் எப்படி வருது?

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவை பெட்ரோல் எரியும். எரிந்த வாயு அழுத்தத்தோடு வெளியே பாயும். ஒரே சிலிண்டர் உள்ள வண்டி நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் 1500 பாய்ச்சல். அதாவது வினாடிக்கு 25! அதுதான் அந்த 'டப டப'.

லாங் பெல் அடித்ததும் நாம் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டை நோக்கி ஓடினால் எப்படி இருக்கும்? பி.இ.டி. சார் வரிசையில் அனுப்பினால் எப்படி இருக்கும்? அதே ஆட்கள்தான், ஆனால் கூச்சல் குறையும். சைலன்சர்தான் வண்டியின் பி.இ.டி. சார்!

பேஃபிள் என்றால் என்ன?

கம்பெனி சைலன்சருக்குள் அறைகளும் தடுப்புகளும் இருக்கும். வெளிக்கடை சைலன்சர் பலவற்றில் உள்ளே ஓட்டை போட்ட நேர்க்குழாய்தான். அதன் வாயில் செருகும் சின்னக் குழாய்தான் பேஃபிள். 'டி.பி. கில்லர்' என்றும் சொல்வார்கள். டி.பி. என்றால் டெசிபல். அது செய்யும் வேலை மூன்று:

1. வழி திடீரென்று சுருங்குவதால் ஒலி அலையில் ஒரு பகுதி திரும்பி உள்ளேயே போகிறது.
2. சின்ன ஓட்டைகள் வழியே வாயு பிரிந்து போவதால் பாய்ச்சலின் வேகம் தணிகிறது.
3. சுற்றியுள்ள கிளாஸ் வுல் ஒலியை உறிஞ்சி வெப்பமாக மாற்றுகிறது.

மாட்டும் முறை

1. சைலன்சர் நன்றாக ஆறட்டும். சுட்டால் தோல் உரிந்துவிடும்.
2. பேஃபிளின் வெளி அளவும் சைலன்சர் வாயின் உள் அளவும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். லொடலொடன்னு இருக்கக் கூடாது.
3. கிளாஸ் வுல் சுற்றுவதாக இருந்தால் கையுறையும் முகமூடியும் கட்டாயம். மெல்லிய ஸ்டீல் கம்பியால் கட்ட வேண்டும்.
4. உள்ளே தள்ளி, இரண்டு ஓட்டைகளையும் நேர்படுத்தி, ஸ்பிரிங் வாஷரோடு போல்ட்டை முறுக்க வேண்டும். போல்ட் லூஸானால் ஓடும்போதே பேஃபிள் பின்னால் வருபவர் மேல் பறக்கும்!
5. வெட்டவெளியில் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். மூடிய அறையில் கூடவே கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

"பிக்கப் குறையாதாண்ணே?" என்று அண்ணன் கேட்டான். "மேல் வேகத்துல லேசாக் குறையலாம் தம்பி. ஆனா சத்தம் கூடினதால வண்டி வேகமாப் போகல. உன் காதுக்குத்தான் அப்படித் தெரியுது" என்றார் மெக்கானிக் அண்ணன்.

சட்டம் என்ன சொல்கிறது?

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் பள்ளி, மருத்துவமனைகளைச் சுற்றி 100 மீட்டருக்குள் பகலில் 50 டெசிபல்தான் அளவு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒலி அளவை மீறும் வண்டியை ஓட்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் போகும். பேஃபிள் மாட்டிவிட்டால் மட்டும் தப்பிக்க முடியாது. சத்தம் அளவுக்குள் இருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு உண்மை. அந்த பேஃபிள் சைலன்சர் வாங்கின டப்பாவுக்குள்ளேயே இருந்தது! கெத்துக்காக அண்ணன்தான் அதைக் கழட்டி வைத்திருந்தான். இப்போது சத்தம் நன்றாகக் குறைந்திருக்கிறது. குழந்தையும் தூங்குகிறது. ஆனாலும் கம்பெனி சைலன்சர் அளவுக்கு இல்லை. அது எங்கள் வீட்டுப் பரணில் தூங்குகிறது. அதையே மாட்டச் சொல்லி தினமும் அண்ணனை நச்சரிக்கிறேன்.

உங்கள் வீட்டு வண்டியின் சைலன்சர் வாயையும் இன்றைக்கே குனிந்து பாருங்கள். போல்ட் ஓட்டை காலியாக இருந்தால், யாரோ ஒருவர் தூக்கம் கெடுகிறது என்று அர்த்தம்!

– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு