பிளஸ் ஒன் குரூப்: மார்க் வருமுன்பே மஷூரா செய்வோம்

 

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும்?" என்பதுதான். "எந்த குரூப்?" என்பது அடுத்தபடி. கூட்டாளி சேர்ந்த குரூப், மார்க்குக்குக் கிடைத்த குரூப் என்று ஒரே நாளில் அது முடிந்துவிடுகிறது. பின்னால் எந்தக் கல்லூரியின் கதவு திறக்கும், எது மூடும் என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒரு நாள் முடிவு. பூம்புகார், திருமுல்லைவாசல், தரங்கம்பாடி, நீடூர் பகுதிகளில் உள்ள நம் குடும்பங்களுக்காக இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

கலாம் அவர்களின் அனுபவம்

1844-ல் நாகப்பட்டினத்தில் இயேசு சபைக் குருமார்கள் தொடங்கிய தூய வளனார் கல்லூரி, 1883-ல் திருச்சிக்கு மாறியது. இராமேசுவரத்தில் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அங்கேதான் இன்டர்மீடியட் படித்தார். தொடர்ந்து இயற்பியலில் பட்டமும் பெற்றார். இயற்பியல் தமக்குரிய படிப்பு அல்ல, பொறியியல்தான் தம் கனவுக்கு வழி என்பது பட்டம் வாங்கிய பிறகே தமக்குப் புரிந்தது என்று 'அக்கினிச் சிறகுகள்' நூலில் சொல்கிறார். இன்டர்மீடியட் முடித்ததுமே பொறியியலில் சேர்ந்திருக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பதே அப்போது அவருக்குத் தெரியாது. பின்னர் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது, கட்டணத்துக்காக அவருடைய சகோதரி ஜொஹரா தம் நகைகளை அடகு வைத்தார்.

நல்ல கல்லூரி, நல்ல ஆசிரியர்கள், நல்ல மாணவர். குறைந்தது தகவல் ஒன்றுதான். இன்று அந்தத் தகவல் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கேட்காமல் விடுவதுதான் நம் பிள்ளைகளுக்கு நட்டம்.

குரூப்பும் கதவுகளும்

முதலில் பிள்ளை என்னவாக விரும்புகிறது என்று கேளுங்கள். அதற்கான பட்டப் படிப்பு எது, அந்தப் படிப்பு கேட்கும் பாடங்கள் எவை என்று பின்னோக்கி வாருங்கள்.

* கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல்: பொறியியல், மருத்துவம் இரண்டுக்கும் வழி திறந்திருக்கும். பாடச்சுமை அதிகம். கணிதத்தில் தடுமாறும் பிள்ளையைக் கௌரவத்துக்காக இதில் சேர்க்க வேண்டாம்.
* கணிதம், இயற்பியல், வேதியியலுடன் கணினி அறிவியல்: பொறியியலுக்கும் கணினிப் படிப்புகளுக்கும் ஏற்றது. மருத்துவம் விரும்பும் பிள்ளைக்கு இது உதவாது.
* கணிதம் இல்லாத அறிவியல் குரூப்: நர்சிங், பார்மஸி, மருத்துவம் போன்றவற்றுக்குப் போகலாம். நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மீன்வள அறிவியல் படிப்பும் உயிரியல் கேட்பதே. கடலோரப் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரிவதில்லை.
* வணிகவியல், கணக்குப்பதிவியல்: பி.காம்., சி.ஏ. நோக்கிச் செல்வோருக்கு. இது "மார்க் குறைந்தவர் குரூப்" அன்று.
* சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பில் இருந்தும் போகலாம்.

பிளஸ் ஒன் மட்டும்தான் வழி என்பதும் இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ படித்தால், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வாய்ப்புண்டு. எப்படியும் சபுர் போகத்தான் போகிறான் என்று நினைக்கும் வீடுகள்கூட, கையில் ஒரு ஐ.டி.ஐ. சான்றிதழோ டிப்ளமோவோ இல்லாமல் மகனை விமானம் ஏற்ற வேண்டாம்.

பள்ளியை மாற்றுமுன் கேட்க வேண்டியவை

நம் பெண் பிள்ளைகள் பலரைக் கட்டுப்பாட்டுக்கும் பாதுகாப்புக்கும் பெயர்பெற்ற கன்னியாஸ்திரீகளின் பள்ளிகளுக்கு அனுப்புகிறோம். அதில் தவறில்லை. ஆனால், ஒரே வளாகத்தில் அரசு உதவிபெறும் தமிழ்வழிப் பிரிவும், சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவும் இருப்பதுண்டு. எந்தப் பிரிவில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணமும் மாறும், அரசுச் சலுகையும் மாறும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிக்கு இது கிடையாது. பத்து வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையைப் பிளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களோ உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களுக்கும் உண்டு. மாற்றுவதா, தொடர்வதா என்பதை இதையெல்லாம் எடை போட்டு முடிவு செய்யுங்கள்.

யாரிடம் கேட்பது?

அமெரிக்கக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இதற்கென்றே ஆலோசகர் இருப்பார். ஒன்பதாம் வகுப்பிலேயே மாணவரையும் பெற்றோரையும் உட்கார வைத்து நான்கு ஆண்டுகளுக்கான பாடத்திட்டம் போடுவார். நம் ஊர்ப் பள்ளியில் அப்படி ஒருவர் இல்லாவிட்டாலும் தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியே உயர்கல்வி வழிகாட்டுதல் தரப்படுகிறது. 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் கேட்கலாம்.

மஷூரா நமக்குப் புதிதல்ல. நிக்காஹ்வுக்கும் வியாபாரத்துக்கும் நாலு பேரிடம் கலந்து பேசுகிற நாம், பிள்ளையின் படிப்புக்கும் அப்படியே பேசுவோம். அந்த மஷூராவில் பிள்ளையும் உட்காரட்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை

1. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் விருப்பமான மூன்று படிப்புகளை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய பாடங்களைப் பக்கத்தில் குறியுங்கள்.
2. அந்தத் தாளோடு பள்ளிக்குச் சென்று ஆசிரியரைப் பாருங்கள். தாய், தந்தை இருவரும் சென்றால் நல்லது. தந்தை வெளிநாட்டில் இருந்தால் தாய் தயங்காமல் செல்லட்டும்.
3. சாதிச் சான்றிதழைச் சரிபாருங்கள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இட ஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் உள்ளது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, ஷேக், சையத் என்று உரிய பிரிவு சான்றிதழில் இருக்க வேண்டும்.
4. வீட்டில் பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் நேரத்தோடு வாங்கி வையுங்கள். பொறியியல் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும்.

முடிவு வரும் நாளில் நம் பிள்ளையின் கையில் மார்க் பட்டியலோடு இந்தத் தாளும் இருக்கட்டும். முயற்சி நம்முடையது, பலன் தருபவன் அல்லாஹ்.