பழைய தொலைக்காட்சிக்கு ஏற்ற பதிவுப் பெட்டி

கிராமங்களில் புதிய விவசாய அறிவு பரவுவதற்கு வானொலியும் தொலைக்காட்சியும் செய்துள்ள தொண்டு சிறிதன்று. 1960-களில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 என்னும் நெல் ரகத்தை விரும்பிப் பயிரிட்டனர். அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபின், காதால் கேட்டதைக் கண்ணாலும் காணும் வாய்ப்பு நம் மக்களுக்குக் கிட்டியது.

ஆயினும் ஒரு குறை அன்று முதல் இன்று வரை நீடிக்கிறது. ஒளிபரப்பு தனக்குக் குறித்த நேரத்தில் வந்து போகிறது. விவசாயியோ தன் வேலை முடிந்தபின்தான் வீடு திரும்புகிறார். நாற்றுப் பறிப்பும் நடவும் நடக்கும் நாட்களிலும், முறைத் தண்ணீருக்காக மடையில் காத்திருக்கும் மாலைகளிலும் அவர் தொலைக்காட்சி முன் அமர்வது எப்படி? தேவை மிகுந்த நாட்களில்தான் அவர் நிகழ்ச்சியைத் தவறவிடுகிறார்.

2018-ஆம் ஆண்டில் மக்காச்சோளத்தில் படைப்புழு பரவியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்புழுவை மற்றப் புழுக்களிலிருந்து பிரித்தறிய இரண்டு அடையாளங்கள் உண்டு. தலையில் ஆங்கில ‘ஒய்’ எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற வெண்கோடு ஒன்று. உடலின் பின்பகுதியில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகள் மற்றொன்று. திரையில் நொடிப்பொழுது தோன்றி மறையும் படத்தில் இவற்றை ஒருவர் மனத்திற் கொள்வது அரிது. அப்படத்தை நிறுத்தி வைத்து, மீண்டும் ஒருமுறை காட்டினால் பள்ளிச் சிறுவனும் கண்டு கொள்வான். இவ்வாறு நிறுத்தவும், திருப்பிக் காட்டவும், நமக்கு ஓய்வுள்ள நேரத்தில் பார்க்கவும் உதவுவதே பதிவுப் பெட்டி.

இதற்காகப் பெரிய விலையில் புதிய தொலைக்காட்சி வாங்க வேண்டுவதில்லை. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளுள் நல்ல நிலையில் இருப்பவை இப்பணிக்குப் போதும். ஆனால் பதிவுப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். கடைக்காரர் காட்டும் பெட்டியைப் பார்ப்பதற்கு முன் நம் வீட்டில் இரண்டு விஷயங்களைப் பார்த்துக் கொள்ள வேண்டும். தொலைக்காட்சியின் முதுகுப்புறம் எப்படி இருக்கிறது என்பது ஒன்று. நமக்கு ஒளிபரப்பு எவ்வழியாக வருகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

முதுகுப்புறம் சொல்லும் செய்தி

தொலைக்காட்சியின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறங்களில் வட்டத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் படத்திற்கு உரியது. வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு உரியவை. இவற்றை ஏ.வி. துளைகள் என்பர். சில சிறிய தொலைக்காட்சிகளில் ஒலிக்கு வெள்ளைத் துளை ஒன்று மட்டும் இருக்கும். அப்போது வெள்ளை ஒயரை மட்டும் செருகினால் போதும்.

இத்தகைய தொலைக்காட்சிக்கு, ஏ.வி. இணைப்பு உள்ள பதிவுப் பெட்டியையே கேட்டு வாங்க வேண்டும். இக்காலத்துப் பெட்டிகள் சிலவற்றில் எச்.டி.எம்.ஐ. என்னும் தட்டையான துளை மட்டுமே உண்டு. அப்பெட்டியைப் பழைய தொலைக்காட்சியில் நேராக இணைக்க இயலாது. இடையே ஒரு மாற்றுக் கருவி வைக்க வேண்டும். அதற்குத் தனிச் செலவும் தனி மின் இணைப்பும் தேவைப்படும். மேலும், எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக மாற்றுவது ஒரு கருவி, ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றுவது வேறொரு கருவி. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். நமக்கு வேண்டியது முன்னதே.

ஆண்டெனா துளை ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத மிகப் பழைய தொலைக்காட்சியானால், ஆர்.எப். மாடுலேட்டர் என்னும் சிறு கருவியை நடுவில் இணைக்க வேண்டும். படத்தின் தெளிவு சற்றுக் குறையும். இவ்வளவு செய்து அப்பழைய பெட்டியை வைத்துக் கொள்வது தகுமா என்பதையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

இணைத்தபின் படம் நிறமின்றிக் கருப்பு வெள்ளையாகத் தெரிந்தால் தொலைக்காட்சி கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். பதிவுப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ‘என்.டி.எஸ்.சி.’ என்றிருப்பதை ‘பால்’ என்று மாற்றினால் பெரும்பாலும் நிறம் வந்துவிடும். உருவங்கள் ஒடுங்கி நெட்டையாகத் தோன்றினால் திரை அளவை 4:3 என்று மாற்ற வேண்டும்.

ஒளிபரப்பு வரும் வழி

முற்காலத்தில் வீட்டுக் கூரை மேல் ஆண்டெனா நாட்டித் தூர்தர்ஷனைப் பார்த்தோம். அந்தப் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பு நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை 2022-ஆம் ஆண்டுக்குள் மூடப்பட்டுவிட்டன. ஆகவே கூரை ஆண்டெனாவை நம்பிப் பதிவுப் பெட்டி வாங்குவது வீண். வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினர் அனுப்பும் பெட்டிகளிலும் இவ்விடர் உண்டு. சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் விற்கும் பதிவுப் பெட்டிகளுட் பல, அந்நாட்டுத் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பை வாங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. அவை எவ்வளவு உயர்ந்தவையாயினும் நம் கிராமத்தில் பயன்படா.

நமக்கு எஞ்சியுள்ள வழிகள் மூன்று.

முதலாவது, தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை. இது 2004 டிசம்பரில் தொடங்கப்பட்டது. மாதக் கட்டணம் இல்லை. ஜிசாட்-15 என்னும் செயற்கைக்கோள் வழியாக வரும் இதனைத் தமிழ்நாட்டில் பெற, டிஷ்ஷைத் தென்கிழக்கு நோக்கி நிறுத்த வேண்டும். அத்திசையில் தென்னையோ புளியமரமோ மறைத்தால் படம் சிதறும். இச்சேவைக்கு உரிய பெட்டியை வெளிக்கடையில் வாங்கலாம், யூ.எஸ்.பி. துளையும் பதிவு வசதியும் உள்ள பெட்டிகள் பெரும்பாலும் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். சிக்கனம் விரும்புவோர்க்கு இதுவே நேரிய வழி.

இரண்டாவது, கேபிள் இணைப்பு. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் டிஜிட்டல் முறைக்கு மாறியது. அரசு கேபிளாயினும் தனியார் கேபிளாயினும் அந்தந்த நிறுவனம் தரும் செட்டாப் பாக்ஸ் மட்டுமே அந்த இணைப்பில் இயங்கும். வெளியில் வாங்கிய பெட்டியை மாட்டினால் படம் வாராது. ஆதலால் இருக்கும் பாக்ஸில் பதிவு வசதி உண்டா என்று கேபிள்காரரிடம் முதலில் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, மாதக் கட்டணம் கட்டும் டிஷ் சேவை. இவற்றில் பதிவு வசதியுள்ள பெட்டிகள் கிடைப்பினும், பதிவு செய்தது பொதுவாக அந்தப் பெட்டியிலேயே பூட்டப்பட்டிருக்கும். வேறு பெட்டியிலோ கணினியிலோ ஓடாது. சந்தாவை நிறுத்தினால் பழைய பதிவுகளும் பயன்படாமற் போகலாம். இதனை அறிந்தே வாங்க வேண்டும்.

பெட்டியில் பார்க்க வேண்டியவை

இலவச டிஷ்ஷுக்குப் பெட்டி வாங்குவோர் ‘எம்பெக்-4’ வகையையே வாங்குவது நன்று. இலவச டிஷ்ஷில் எம்பெக்-2, எம்பெக்-4 என்னும் இருவகையிலும் சேனல்கள் வருகின்றன. எம்பெக்-2 பெட்டி முதல் வகையை மட்டுமே காட்டும். எம்பெக்-4 பெட்டி இரண்டையும் காட்டும். சிறிது விலை குறைவு என்று பழைய வகையை வாங்கிவிட்டுப் பின்னர் வருந்த வேண்டாம்.

யூ.எஸ்.பி. துளை இருப்பது மட்டும் போதாது. சில பெட்டிகளில் அத்துளை பாட்டும் படமும் ஓட்டுவதற்கு மட்டுமே பயன்படும், பதிவு செய்யாது. ரிமோட்டில் பதிவுக்குரிய பொத்தான் உண்டா என்று பார்க்க வேண்டும். நேரம் குறித்து வைத்தால் தானே பதிவு செய்யும் வசதி இருக்க வேண்டும். விவசாயிக்கு இதுவே முக்கியம். அவர் வயலில் இருக்கும்போதல்லவா பெட்டி வேலை செய்ய வேண்டும்!

விலை குறைந்த பெட்டிகளில் பெரும்பாலும் ஒரு சேனலைப் பதிவு செய்யும்போது வேறொரு சேனலைப் பார்க்க இயலாது. பொது அறையில் இது சச்சரவுக்கு இடமாகும். எந்நேரம் பதிவுக்கு உரியது என்பதை முன்கூட்டியே பலகையில் எழுதி வைத்துவிட வேண்டும்.

பதிவு தங்கும் இடம்

சாதாரணத் தரத்தில் வரும் ஒரு சேனலை ஒரு மணி நேரம் பதிவு செய்ய ஏறத்தாழ 1 ஜி.பி. இடம் பிடிக்கும். 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் சுமார் 25 மணி நேர நிகழ்ச்சிகள் அடங்கும். நாளொன்றுக்கு அரைமணி வீதம் வாரத்தில் 5 நாள் பதிவு செய்தால், பத்து வாரத்து நிகழ்ச்சிகளை அதில் வைத்துக் கொள்ளலாம். குறுகிய காலப் பயிர் ஒன்றின் பெரும்பகுதிக்கு இது போதும்.

இதைவிடப் பெரிய பென் டிரைவ் வாங்கினால் நல்லதன்றோ எனக் கேட்கலாம். இப்பெட்டிகளுட் பல, ‘ஃபேட்-32’ என்னும் அமைப்பில் உள்ளவற்றையே படிக்கும். 64 ஜி.பி.யும் அதற்கு மேற்பட்டவையும் பொதுவாக வேறு அமைப்பில் விற்பனைக்கு வருகின்றன. பெட்டி அவற்றை ஏற்காமற் போகலாம். ஹார்டு டிஸ்க்கை இணைத்தால், சிறிய பெட்டி தரும் மின்சாரம் அதைச் சுழற்றப் போதாமல் நின்றுவிடுவதும் உண்டு. ஆதலின் 32 ஜி.பி. பென் டிரைவ் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே சிக்கனமும் சௌகரியமும் ஆகும்.

பணம் கொடுக்கும் முன்

கடையிலேயே ஒரு சோதனை செய்ய வேண்டும். பென் டிரைவைச் செருகிப் பத்து நிமிடம் பதிவு செய்க. அதனை ஓட்டிப் பார்த்து, நடுவில் நிறுத்தி, பின்னே திருப்பிப் பார்க்க. ஐந்து நிமிடம் கழித்துப் பதிவு தொடங்குமாறு நேரம் குறித்துவிட்டுப் பெட்டியை ரிமோட்டால் அணைத்து, குறித்த வேளையில் அது தானே விழிக்கிறதா என்று காண்க. இறுதியாகப் பென் டிரைவைக் கணினியில் செருகிப் பார்க்க. அதிலும் ஓடினால் பதிவு பூட்டப்படவில்லை என்பது பொருள். இந்த அரைமணிச் சோதனைக்கு இடங்கொடாத கடையில் வாங்காதிருப்பதே நன்று. ரசீதும் உத்தரவாதச் சீட்டும் தவறாமல் பெற வேண்டும்.

வீட்டில் மற்றொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். ரிமோட்டால் அணைத்த பெட்டி உறங்குகிறது. சுவிட்சை அணைத்த பெட்டியோ செயலற்றுப் போகிறது. சுவிட்சை அணைத்துவிட்டால் நேரம் குறித்தும் பதிவாகாது. பதிவு நடக்கையில் மின்சாரம் நின்றால் அப்பதிவு குறைந்துவிடும். கனமழையின்போது டிஷ்ஷில் வரும் படம் சிதறுவதும் இயல்பே.

பஞ்சாயத்தின் கடமை

வீட்டுக்கொரு கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் வினவலாம். இணைய வசதி நன்றாக உள்ள ஊர்களில் பல நிகழ்ச்சிகளைக் கைப்பேசியிலேயே பிற்பாடு காணலாம் என்பது உண்மையே. அவ்வூர்களில் தனியொருவர் இப்பெட்டியை வாங்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் சிக்னல் எட்டாத சிற்றூரிலும், பத்துப்பேர் கூடியிருந்து பார்த்து விவாதிக்க வேண்டிய இடத்திலும் பதிவுப் பெட்டி இன்றும் பயனுள்ளதே.

பொது அறைக்கு இதனை வாங்கும் பஞ்சாயத்து, கிராம சபையில் விஷயத்தை வைத்து, விலைப்புள்ளிகளை ஒப்பிட்டு வாங்கி, இருப்புப் பதிவேட்டில் பதிந்து கொள்ள வேண்டும். பெட்டிக்கும் பென் டிரைவுக்கும் ஒருவரைப் பொறுப்பாளராக்க வேண்டும். வாரம் ஒரு மாலை, பெண்களும் வர ஏற்ற வேளையில், பதிவு செய்த விவசாய நிகழ்ச்சியைக் காட்டலாம். உதவி வேளாண்மை அலுவலரையும் அன்று அழைத்தால் ஐயங்கள் அங்கேயே தீரும். சொந்த உபயோகத்திற்கும் உண்மையான கற்பித்தலுக்கும் செய்யும் பதிவைப் பதிப்புரிமைச் சட்டம் (1957) 39-ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. திரைப்படங்களைப் பதிவு செய்து கட்டணம் வாங்கிக் காட்டுவது இதில் அடங்காது.

பழைய தொலைக்காட்சி பழுதுபார்க்க முடியாத நிலையை அடைந்தால் அதை உடைத்துக் குப்பையில் எறியலாகாது. அதன் கண்ணாடிக் குழாயில் ஈயம் உண்டு. மின்னணுக் கழிவு பெறும் அங்கீகாரம் உடையோரிடமே ஒப்படைக்க வேண்டும்.

பெட்டி வாங்குவதோடு பயன் வந்துவிடுவதில்லை. வாரந்தோறும் பதிவு செய்து, கூடியிருந்து பார்த்து, கண்டதை வயலில் செய்து பார்க்கும் ஊரே பயனடையும். சிறிய செலவில் இதற்கு வழியிருக்கிறது. அளவறிந்து வாங்கி, முறையறிந்து பயன்படுத்துவோமாக.