ஓரெழுத்தும் ஒரு காப்பீட்டு அட்டையும்

கணிப்பொறி அறிவியல் இரண்டாம் ஆண்டு பயிலும் எனக்கு, ‘மாட்யூல்’ என்னும் சொல் நெடுநாள் வரை ஓர் ஐந்து மதிப்பெண் வினாவாகவே இருந்தது. சென்ற ஆண்டு ஐப்பசியில், ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு மேசைக்கு எதிரே மூன்று நாட்கள் நின்ற பிறகே அதன் பொருள் விளங்கிற்று. அதனை உடன் பயிலும் நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

என் தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. இதயக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். எங்களிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது. ஆனால் முன் அனுமதி கேட்டு அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அட்டையில் அவர் பெயர் ஆங்கிலத்தில் ‘எச்’ என்ற எழுத்தோடு இருந்தது. ஆதாரில் அந்த எழுத்து இல்லை.

“நீ கம்ப்யூட்டர் படிக்கிறவன்தானே, நீயே மாத்திக் குடுத்துடேன்” என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னால் ஆகாதது இல்லை என்பது அவர் எண்ணம். மேசையிலிருந்த அக்காவோ, “தம்பி, எனக்குப் பேரைப் பார்க்கத்தான் முடியும், திருத்த முடியாது. கலெக்டர் ஆபீசுக்குப் போய்த் திருத்திக்கிட்டு வாங்க” என்றார். அன்று எனக்கு வந்த கோபத்தை எழுதினால் ஆசிரியர் குழு வெளியிடாது!

காப்பீட்டு நிர்வாகம் என்பது வெளியிலிருந்து பார்க்க ஒரே வேலை. உள்ளே அது பல வேலை. இவர் யார் என்று அறிதல், தகுதி உண்டா எனப் பார்த்தல், சிகிச்சைக்கு முன் அனுமதி தருதல், மருத்துவமனை அனுப்பும் கோரிக்கையைச் சரிபார்த்தல், பணம் வழங்குதல். இவை அனைத்தையும் ஒரே மென்பொருளாகப் பின்னிவிட்டால், அது மாமல்லபுரத்து ஒற்றைக்கல் ரதம் போன்றது. அழகுதான், ஆனால் ஒரு தூணை மட்டும் கழற்றி மாற்ற இயலாது. சிகிச்சைக் கட்டணத்தை மாற்றப் போனால் அட்டை வழங்கும் பகுதி நின்றுபோகும்.

அப்பாவின் தறி அப்படிப்பட்டதன்று. நாடா தேய்ந்தால் நாடாவை மாற்றுவார். தறியையே தூக்கி எறிவதில்லை. புது நாடா பழைய பெட்டிக்குள் சரியாகப் பொருந்த வேண்டும், அவ்வளவே. கூறு கூறாக மென்பொருள் எழுதுவதன் அடிப்படையும் இதுவே. ஒவ்வொரு கூறும் தன் வேலையைத் தானே பார்க்கும். மற்ற கூறுகளோடு முன்கூட்டியே ஒத்துக்கொண்ட வடிவத்தில் மட்டும் பேசும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ‘ஓப்பன் ஐமிஸ்’ என்னும் மென்பொருள். 2012-இல் தான்சானியா நாட்டில் சமூக நலநிதித் திட்டத்துக்காகத் தொடங்கப்பட்ட இதனை, பின்னர் நேபாளத்தின் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏற்றது. 2018-இல் யாரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க திறந்த மூல மென்பொருளாக வெளிவந்தது. முதலில் அதுவும் ஒற்றைப் பாறைதான், மைக்ரோசாஃப்ட் டாட் நெட்டில் எழுதியது. ஒரே இரவில் அதை உடைக்கவில்லை. பழைய தரவுத்தளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியாகப் பைத்தானில் தனிக் கூறாக எழுதினர். பழையதும் புதியதும் அருகருகே ஓடின. நோயாளி காத்திருக்கும்போது கடையை அடைத்துவிட்டுப் பழுது பார்க்க முடியாதல்லவா? நம் நாட்டிலும் மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வடிவத்தில் கோரிக்கைகளைப் பரிமாறிக்கொள்ள, தேசிய சுகாதார ஆணையம் ஒரு பரிமாற்ற மையத்தை உருவாக்கியுள்ளது. ‘ஃபயர்’ என்னும் உலகத் தரமே அதன் பொது மொழி.

கூறு போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் முதலில் எண்ணினேன். 2018-இல் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்திலும் பயனாளியை அடையாளம் காண ஒரு கூறு, சிகிச்சைப் பரிவர்த்தனைக்கு ஒரு கூறு எனத் தனித்தனியே இருந்தன. ஆயினும் 2023-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகளுக்கு ஒரே கைப்பேசி எண் பதிவாகியிருந்ததைக் கண்டது. அந்த எண், பத்து ஒன்பதுகள்! கைப்பேசி எண்ணைக் கொண்டு பயனாளியைச் சரிபார்ப்பதில்லை என அரசு விளக்கம் தந்தது. அது போகட்டும். இறந்ததாக முன்பு பதிவான நோயாளிகளின் பெயரில் புதிய சிகிச்சைக் கோரிக்கைகள் வந்ததையும் அதே அறிக்கை சுட்டியது. ஒரு கூறு அறிந்த மரணத்தை அடுத்த கூறு கேட்கவில்லை. முதலாம் ஆண்டு ஆய்வகத்தில் நாங்கள் எழுதும் இரண்டு வரி ‘இஃப்’ கட்டளை நினைவுக்கு வந்தது.

இப்போது அந்த அக்காவின் மேசைக்கு வருகிறேன். அவர் பெயரைத் திருத்த முடியாதிருந்தது குறையன்று. அதுவே சரியான அமைப்பு. பணம் கோரும் மருத்துவமனையே நோயாளியின் அடையாளத்தையும் மாற்றலாம் என்றால் என்ன ஆகும்? என் கோபம் தவறான இடத்தில் விழுந்திருந்தது. குறை வேறிடத்தில். அட்டை வழங்கிய நாளிலேயே அந்தக் கூறு ஆதாரோடு ஒப்பிட்டு, “ஓரெழுத்து வேறுபடுகிறது” என்று சொல்லியிருந்தால், அப்பா நலமாயிருந்த காலத்தில் நிதானமாகத் திருத்தியிருப்போம். அந்தச் சோதனை, அவர் படுக்கையில் கிடந்தபோது நடந்தது. அதோடு, அந்த மேசையிலிருந்தே திருத்த வேண்டுகோளை ஆட்சியர் அலுவலகத்திற்கு அனுப்பும் ஒரு வழி இருந்திருந்தால், பேருந்தில் போய்வந்தது நானாக இருந்திருக்க வேண்டியதில்லை. திருத்தும் உரிமை அங்கேயே இருக்கட்டும். செய்தியாவது இங்கிருந்து போகலாம்.

அவசர நிலை இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் பொறுத்தோம். ஆட்சியர் அலுவலகத்தில் வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. நான்காம் நாள் அனுமதி வந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். அப்பா தை மாதத்திலிருந்து அரை நேரம் தறிக்குப் போகிறார். ரேஷன் அட்டையிலும் அந்த ‘எச்’ இருப்பதைப் போன வாரம்தான் பார்த்தேன். பருவத் தேர்வு முடிந்ததும் தாலுகா அலுவலகம் போகவேண்டும்.