வித்துவக்கோட்டம்மானும் பாலாற்றங்கரையும்: பெருமாள் திருமொழி ஐந்தாம் பதிகத்தில் சில சிந்தனைகள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

குலசேகராழ்வார் அருளிச்செய்த பெருமாள் திருமொழியில் 105 பாசுரங்கள் உள்ளன. அவற்றுள் ஐந்தாம் பதிகம் மலைநாட்டுத் திவ்யதேசமான திருவித்துவக்கோட்டு எம்பெருமானைப் பற்றியது. நிளா நதிக் கரையில் எழுந்தருளியிருக்கும் இப்பெருமானிடம் ஆழ்வார் தம் அநந்யகதித்வத்தை, அதாவது வேறு புகல் இல்லாமையை, விண்ணப்பம் செய்கிறார். சோறும் சுகமும் குறைவற்ற அரசர் ஒருவர் தமக்குப் போக்கிடம் இல்லை என்று சொல்வதே இப்பதிகத்தின் தனிச்சுவை.

பெரியவாச்சான் பிள்ளையின் வியாக்கியானத்தைக் காலக்ஷேபமாகக் கேட்கும் பாக்கியம் பணி ஓய்வுக்குப் பிறகே அடியேனுக்கு வாய்த்தது. வணிகவியல் படித்து, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் வங்கி அலுவலராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதிய அடியேனுக்குப் பொருள் விரிக்கும் தகுதி இல்லை. பதிகம் அடியேனைக் கேட்ட கேள்விகளை மட்டும் வாசகர்களான பாகவதர்களின் திருமுன்பு வைக்கிறேன்.

ஒன்பது உவமைகள்

பலச்ருதியை நீக்கினால் பதிகத்தில் ஒன்பது பாசுரங்கள் நிற்கும். அவற்றில் ஒன்பது உவமைகள். தாய் சினந்து தள்ளினாலும் அவளையே நினைந்து அழும் குழந்தை, கணவன் இகழத்தக்கன செய்தாலும் அவனை விடாத குலமகள், மன்னவன் துன்புறுத்தினாலும் அவன் செங்கோலையே நோக்கும் குடிகள், மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளன், நடுக்கடலில் கப்பலின் கொடிமரத்துக்கே மீளும் பறவை, கதிரவனுக்கே மலரும் தாமரை, மழை பொய்த்தாலும் மேகத்தையே பார்க்கும் பயிர், கடலன்றி வேறிடம் புகாத ஆறு, தன்னை வேண்டாதவனையே தேடி வரும் செல்வம் என்பன அவை. முதல் எட்டிலும் போக்கிடமற்ற ஒருவர் தம் புகலை விடாதிருக்கிறார். ஒன்பதாவதில் முறை மாறுகிறது. இவற்றுள் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மருத்துவனும் நோயாளனும்

கத்தியால் அறுத்தாலும், தீயால் சுட்டாலும், நோயாளன் மருத்துவனை வெறுப்பதில்லை. இப்பாசுரத்தை அடியேன் பலமுறை சேவித்திருந்தேன். அடியேனுடைய தர்மபத்தினி புற்றுநோயால் பதினான்கு மாதம் துன்புற்று ஆசார்யன் திருவடி சேர்ந்த பிறகு, அதைச் சேவிக்க நாவெழவில்லை. அறுத்தும் சுட்டும் பிழைக்கவைத்தால் அவன் மருத்துவன். பிழைக்கவில்லையே, பின் எதற்கு அந்த அறுவை என்று மனம் வாதிட்டது. ஓராண்டு அப்பாசுரத்தைத் தாண்டியே சென்றேன்.

ஒருநாள் காலக்ஷேபத்தில் அதைத் தவிர்க்க இயலவில்லை. அன்று கவனித்தேன்: நோயாளன் குணமடைந்தான் என்று ஆழ்வார் பாசுரத்தில் சொல்லவே இல்லை. அவர் பேசுவது பலனை அன்று, மாளாத காதலை. வரவும் செலவும் நேர்செய்து பழகிய அடியேன், ஆழ்வார் எழுதாத ஒரு வரவை எதிர்பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

அவளோ இதை முன்பே அறிந்திருந்தாள். புண்ணுக்குக் கட்டு மாற்றும் செவிலிப்பெண்ணை ஒவ்வொரு நாளும் கைகூப்பி, “ரொம்ப உபகாரம், அம்மா” என்பாள். வலி குறைந்த நாளிலும் சொன்னாள், குறையாத நாளிலும் சொன்னாள். க்ருதஜ்ஞதை என்பது பெற்றதற்குத் தரும் ரசீது அன்று என்று அதில் கற்றேன். துக்கம் தீர்ந்ததா என்றால், இல்லை. காலையில் இரண்டு தம்ளர் எடுத்துவைத்து, ஒன்றைத் திரும்ப வைக்கும் கை இன்னும் இருக்கிறது. ஆனால் பாசுரத்தை இப்போது தாண்டுவதில்லை.

மேகமும் பயிரும்

ஏழாம் பாசுரம் அடியேனை வேறு விதமாகப் பிடித்தது. எத்தனை காலம் வான் மறந்தாலும் பயிர் கருமேகத்தையே பார்த்திருக்கும் என்கிறார் ஆழ்வார். ஆனால் பாலாற்றங்கரையில் பயிர் கருகியது வான் மறந்ததால் மட்டும் அன்று.

எங்கள் பகுதியின் தோல் தொழில் பழமையானது. முன்பு ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்டனர். 1970களுக்குப் பின் குரோமியப் பதனிடல் பரவியது. பச்சைத்தோல் அழுகாதிருக்க இடும் உப்பும், பதனிடும் ரசாயனங்களும் கழிவுநீராகி ஆற்றிலும் நிலத்தடியிலும் இறங்கின. இத்தொழிலால் எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் உண்டன. ஆம்பூர்க் காலணிச் சாலைகளில் தைக்கும் பெண்களின் ஊதியத்தில் பிள்ளைகள் படித்தனர். ஆகவே தொழிலைப் பழிப்பது அடியேன் கருத்தன்று. கழிவை யார் தலையில் இறக்கினோம் என்பதே கேள்வி.

1990களின் தொடக்கத்தில் அடியேன் கடன் பிரிவில் இருந்தேன். தோல் பதனிடும் ஆலைகளுக்கு ஏற்றுமதிக் கடன் பரிந்துரைப்பேன். கிடங்கில் தோலை எண்ணுவேன், சரக்குப் பட்டியலைச் சரிபார்ப்பேன். கழிவுநீர் எங்கே போகிறது என்று ஒருமுறையும் கேட்டதில்லை. அதே மேசையில், பயிர்க்கடன் கட்டாத ஒரு தென்னை விவசாயிக்கு வசூல் நோட்டீஸிலும் கையெழுத்திட்டேன். அவர் வந்து நின்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “கெணத்துத் தண்ணி உப்பாப் போச்சி சார். எனக்கு நோட்டீஸ் குடுத்தீங்க. தண்ணியக் கெடுத்தவங்களுக்கு யாரு சார் நோட்டீஸ் குடுப்பாங்க?”

அந்த நோட்டீஸ் 1996 ஆகஸ்டு 28 அன்று வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டமாக ஏற்றது. ஐந்து மாவட்டங்களின் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டது என்ற ஆய்வும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. தீர்ப்போடு துன்பம் முடியவில்லை. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டைச் சிப்காட்டில் கழிவுத்தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர்.

இங்கே ஒரு விவேகம் தேவை. நோய் போல நம் கைக்கு மீறி வரும் துயரத்தில் எம்பெருமானின் கையை மருத்துவன் கையாகக் கொள்ளலாம். நாம் பிறருக்குச் செய்த துயரத்தை “எல்லாம் பகவத் ஸங்கல்பம்” என்று அவன்மேல் ஏற்றுவது தகாது. பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் விலக்கவேண்டியவற்றைச் சொல்லுமிடத்து, அக்ருத்யகரணத்தில் பரஹிம்ஸையைக் காட்டுகிறார். கத்தியை எடுத்தால்தான் ஹிம்ஸை என்று நினைத்திருந்தேன். பேனாவாலும் ஆகும்.

தேடி வரும் செல்வம்

ஒன்பதாம் பாசுரத்தில், பெருஞ்செல்வத்தை வேண்டாது எம்பெருமானையே வேண்டுபவனைச் செல்வம் தானே வந்து வேண்டும் என்கிறார் ஆழ்வார். இதைப் பணம் பெருக்கும் உபாயமாகக் கொள்ளலாகாது. செல்வத்தின் பின்னே நாம் ஓடும்போது வழியில் மிதிபடுவோரைக் காண்பதில்லை என்பதே அடியேனுக்கு இதில் கிடைத்த பாடம்.

சென்ற ஆண்டு அந்த விவசாயியைத் தேடிச் சென்றேன். தோப்பில் மட்டையிழந்த சில தென்னைகளே நின்றன. மன்னிப்புக் கேட்டேன். மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நீங்க போடலன்னா வேற ஆபீசர் போட்டிருப்பாரு சார். ஆனா இத்தன வருசத்துல கேக்க வந்தது நீங்க ஒருத்தருதான்.” முதல் வாக்கியம் அவர் அளித்த கருணை. அதை அடியேன் சமாதானமாக எடுத்துக்கொள்ளலாகாது. அன்றும் அதைச் சொல்லித்தானே கையெழுத்திட்டேன்?

திரும்பும் வழியில், அவளுக்கு மிகவும் உகந்த பள்ளிகொண்டா உத்தர ரங்கநாதரைச் சேவித்தேன். பெருக்கெடுத்து வந்த நதியின் குறுக்கே அணையாகச் சயனித்து அயனின் வேள்வியைக் காத்தவன் என்று பெரியோர் சொல்லுவர். அழிவு பாயும்போது குறுக்கே கிடப்பவன் அவன். அவனுக்கு அடியவர் என்று சொல்லிக்கொள்ளும் நாம், நம் மேசைக்கு வரும் அழிவின் குறுக்கே ஒருநாளேனும் நின்றோமா?

சரணாகதியின் அங்கங்களில் முதலில் எண்ணப்படுவது ஆநுகூல்ய ஸங்கல்பம்; அடுத்தது ப்ராதிகூல்ய வர்ஜநம். எவ்வுயிரும் அவன் உடைமையாதலால், அவற்றுக்கு இதமே நினைப்பதும் தீங்கு தவிர்ப்பதும் அவனுக்குச் செய்யும் கைங்கர்யமே. வாசகர்களில் பலர் உலகின் பல மூலைகளில் பெரும் பொறுப்புகளில் இருக்கிறீர்கள். கையெழுத்திடும் முன், அத்தாளில் பெயர் இல்லாத யார் இதனால் துன்புறுவார் என்று ஒரு நொடி எண்ண வேண்டும் என்பதே அடியேனின் ப்ரார்த்தனை.

பிழைகள் அடியேனுடையவை; பொறுத்தருள்க.

அடியேன் ராமாநுஜ தாஸன்